கையளவு பேனல் செல்போனைச் சார்ஜ் செய்யுமா? சோலார் சார்ஜர் வாங்கும் முன் ஒரு கணக்கு

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வட்டக்கானல் தாண்டி டால்ஃபின் நோஸ் பாறை வரை போய், போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். பாதை அங்கே முடிவதில்லை. காட்டுக்குள் கீழே இறங்கி, வெள்ளகவி என்ற மலைக் கிராமத்தைத் தொட்டு, கும்பக்கரை அருவி வழியாகப் பெரியகுளம் பக்கம் போய்ச் சேருகிறது. தலைமுறை தலைமுறையாக மோட்டார் வண்டி நுழையாத ஊர் வெள்ளகவி. அரிசி மூட்டையோ காப்பிக் கொட்டையோ, எதுவானாலும் குதிரை முதுகிலோ ஆள் தலையிலோதான் போய் வந்தது. ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. நாமும் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு நானும் என் சித்தப்பா மகனும் இந்த வழியே இரண்டு நாள் பயணமாக இறங்கினோம். நான் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். பையில் துணியை விட வயர்தான் அதிகம் இருக்கும். புதிதாக ஒரு 'சோலார் பவர் பேங்க்' வேறு வாங்கியிருந்தேன். 20,000 எம்.ஏ.எச்., முதுகில் உள்ளங்கை அளவு சோலார் பேனல், பெட்டியின் மேல் மலை உச்சியில் நிற்கும் ஒருவரின் படம். "வெயில் இருக்கும் வரை சார்ஜ் இருக்கும்" என்று தம்பியிடம் பெருமையடித்ததும் நான்தான். அந்தத் தைரியத்தில் வீட்டில் பிளக்கில் மாட்டி முழுதாகச் சார்ஜ் ஏற்றாமலேயே கிளம்பிவிட்டேன்.

இரண்டாம் நாள், ஊரைத் தாண்டி இறங்கும்போது தம்பிக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. மெதுவாகத்தான் நடக்க முடிந்தது. கும்பக்கரையில் எங்களுக்காகச் சொல்லி வைத்திருந்த ஜீப்காரரிடம் மூன்று மணி நேரம் தாமதமாகும், போய்விட வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும். தம்பியின் போன் காலையிலேயே அணைந்திருந்தது. என் போனில் 3 சதவீதம். டவர் கிடைக்கும் ஒரு பாறையைத் தேடி ஏறுவதற்குள் அதுவும் போய்விட்டது. முதல் நாள் பகல் முழுவதும் பையின் மேல் வெயிலில் வைத்திருந்த பவர் பேங்கைச் சொருகினால், ஒரு விளக்கு இரண்டு முறை மின்னியது. அவ்வளவுதான்.

எதிரே குதிரையோடு ஏறி வந்த ஒரு அண்ணன் தன்னுடைய பழைய பட்டன் போனை நீட்டினார். ஜீப்காரரின் நம்பர் என் செத்துப்போன போனுக்குள் இருந்தது. நல்லவேளை, தம்பி அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தான்.

இதற்காக அந்தப் பவர் பேங்க் பழுதான பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். அது சரியாகத்தான் வேலை செய்தது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் விஷயம் புரிந்தது. அந்தக் கணக்கைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் போதும்.

எம்.ஏ.எச். என்ற எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள்

பேட்டரியில் எவ்வளவு மின்சக்தி இருக்கிறது என்பதை எம்.ஏ.எச். மட்டும் சொல்லாது. அதை வோல்டேஜோடு பெருக்க வேண்டும். கிடைப்பது வாட்-அவர். ஒரு வாட் வீதம் ஒரு மணி நேரம் எடுத்தால் ஒரு வாட்-அவர்.

பவர் பேங்க் உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் வோல்டேஜ் 3.7. ஆகவே 10,000 எம்.ஏ.எச். என்றால் 10 ஆம்பியர்-அவர் × 3.7 = 37 வாட்-அவர். என்னுடைய 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 74 வாட்-அவர். இன்றைய ஸ்மார்ட்போன்களில் பரவலாக இருக்கும் 5,000 எம்.ஏ.எச். பேட்டரி சுமார் 19 வாட்-அவர்.

அப்படியானால் 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 5,000 எம்.ஏ.எச். போனை நான்கு முறை நிரப்புமா? நிரப்பாது. 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்தும்போது கொஞ்சம் போகும். போனுக்குள் ஏறும்போது இன்னும் கொஞ்சம் சூடாகப் போகும். மூன்று முறை கிடைத்தால் நல்ல பவர் பேங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்கின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று இன்னொரு எண் இருக்கும். பெரிய எழுத்தில் 10,000 என்றிருந்தால் அங்கே 6,000 சொச்சம் இருக்கும். உண்மையைச் சொல்லும் எண் அதுதான். கடையில் முதலில் அதைத் தேடுங்கள்.

அளவுகோலை எடுங்கள்

இப்போது பேனலுக்கு வருவோம். உச்சி வெயிலில், மேகமில்லாத வானத்தின் கீழ், ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் ஒளியின் சக்தி ஏறக்குறைய 1,000 வாட். பேனல் தயாரிப்பாளர்களும் இந்த அளவு ஒளியை வைத்துத்தான் சோதித்து வாட் எண் போடுகிறார்கள். கடையில் கிடைக்கும் நல்ல மோனோ கிரிஸ்டலைன் சிலிக்கான் செல் இதில் 20 முதல் 23 சதவீதத்தை மின்சாரமாக மாற்றும். 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் நடைமுறைக்கு உதவும் முதல் சிலிக்கான் சோலார் செல்லைக் காட்டியபோது அது 6 சதவீதம்தான். எவ்வளவோ முன்னேறியிருக்கிறோம். இருந்தாலும் விழும் ஒளியே அவ்வளவுதான் என்னும்போது, சின்னப் பேனலிலிருந்து பெரிய சக்தி எடுக்க வழியே இல்லை.

20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் சதுர மீட்டருக்கு 200 வாட். சதுர சென்டிமீட்டருக்கு 0.02 வாட். இதையே சுலபமான சூத்திரமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்:

நீளம் × அகலம் (சென்டிமீட்டரில்) ÷ 50 = அதிகபட்ச வாட்

ஓரத்து பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு, கறுப்பாக இருக்கும் செல் பகுதியை மட்டும் அளக்க வேண்டும். என் பவர் பேங்கில் இருந்த செல் 12 × 6 சென்டிமீட்டர். 72-ஐ 50-ஆல் வகுத்தால் 1.4 வாட். இது உச்சி வெயிலில், பேனல் சூரியனுக்கு நேர்முகமாக இருக்கும்போது. யு.எஸ்.பி. மீட்டர் என்று ஒரு சின்னக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வயருக்கு நடுவில் சொருகினால் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் காட்டும். பேனலிலிருந்து உள்ளே போகும் கம்பியை வெட்டி அதை இணைத்துப் பார்த்தேன் (கேரண்டி போய்விடும், நீங்கள் செய்ய வேண்டாம்). எங்கள் மொட்டை மாடியில் நல்ல வெயிலில் ஏறக்குறைய 1 வாட் வந்தது.

74 வாட்-அவர் பேட்டரியை 1 வாட் பேனலால் நிரப்ப 74 மணி நேரம் முழு வெயில் வேண்டும். தமிழ்நாட்டில் காலை, மாலை மங்கிய வெயிலையெல்லாம் சேர்த்துச் சுருக்கினால், ஒரு நல்ல நாளுக்கு ஐந்து மணி நேர முழு வெயில் என்று கணக்கிடலாம். அப்படியானால் 15 நாட்கள்! ஒரே பகலில் எனக்குக் கிடைத்திருக்கக்கூடியது, எல்லாம் சரியாக அமைந்திருந்தாலும், 5 வாட்-அவர். போனில் கால் பங்கு. நான் அதையும் சரியாக வைக்கவில்லை என்பது பிறகு வரும்.

ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் சாதாரண யு.எஸ்.பி. 2.0 போர்ட் 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட் தருகிறது. அதில் போனைச் சொருகினால் எவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்று பார்த்திருப்பீர்கள். உள்ளங்கைப் பேனல் அதிலும் பாதிதான்.

பிறகு ஏன் நாம் நம்புகிறோம்? பள்ளி நாட்களில் பார்த்த சோலார் கால்குலேட்டர்தான் காரணம் என்று நினைக்கிறேன். விரல் அகலப் பட்டையில் டியூப்லைட் வெளிச்சம் பட்டாலே அது வேலை செய்யும். ஆனால் அந்தக் கால்குலேட்டருக்குத் தேவைப்படுவது ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. செல்போனின் பசியே வேறு.

எவ்வளவு பெரிய பேனல் வேண்டும்?

பிரிண்டரில் வைக்கும் ஏ4 தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 21 × 29.7 சென்டிமீட்டர். நம் சூத்திரப்படி சுமார் 12 வாட். ஒரு ஏ4 தாள் அளவு செல் இருந்தால்தான் போனுக்கு உருப்படியாக ஏதாவது கிடைக்கும். புத்தகம் போல மடிக்கும் சோலார் சார்ஜர்கள் இதற்காகத்தான் வந்தன. விரித்தால் இரண்டு மூன்று பலகை, மடித்தால் பைக்குள் போய்விடும். இவற்றில் பேட்டரி இருக்காது. யு.எஸ்.பி. போர்ட் மட்டும் இருக்கும்.

ஏ4 அளவே உள்ள ஒரு மடிப்புப் பேனலில் '40 வாட்' என்று அச்சடித்திருந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். 40 வாட்டுக்கு 2,000 சதுர சென்டிமீட்டர், மூன்று ஏ4 தாளுக்கும் மேல் வேண்டும். கடைக்காரரோடு வாதாடவே வேண்டாம். அளவுகோல் பேசும்.

லேப்டாப்புக்கு? அதன் சார்ஜர் 45 முதல் 65 வாட் வரை இருக்கும். 60 வாட் பேனல் என்றால் 3,000 சதுர சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஐந்து ஏ4 தாள். அதோடு லேப்டாப் கேட்கும் 20 வோல்ட்டைத் தரும் டைப்-சி போர்ட்டும் இருக்க வேண்டும். முதுகில் சுமக்கும் சமாசாரம் இல்லை. கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு 'மின்வெட்டுக்கு ஆகுமே' என்று சின்ன சோலார் சார்ஜரை வாங்கி லேப்டாப்பில் மாட்டப் பார்க்கிறவர்கள் உண்டு. பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

வெயில் இங்கே, பேனல் அங்கே

அடுத்த டிசம்பரில் அதே பாதையில் மறுபடியும் போனேன். இந்த முறை 10 வாட் மடிப்புப் பேனல், வீட்டிலேயே முழுதாகச் சார்ஜ் செய்த 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க், யு.எஸ்.பி. மீட்டர். விளம்பரப் படங்களில் வருவது போல பேனலைப் பையின் முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு கம்பீரமாக இறங்கினேன். மீட்டரில் 0.05 ஆம்பியரைத் தாண்டவில்லை. பேனல் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன்.

வழியில் டீ குடிக்க நின்றபோது ஒரு பெரியவர் என்னைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"என்ன தம்பி, முதுகுல தகடு கட்டியிருக்கீக?"

"வெயில்ல போன் சார்ஜ் ஆகும் ஐயா."

"வெயிலு மொகத்துல அடிக்குது. தகட்ட முதுகுல கட்டியிருக்கீகளே?"

நான்கு வருட இன்ஜினியரிங் படிப்பு அந்த ஒரு கேள்வியில் காலி!

வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி, கும்பக்கரை எல்லாம் தெற்கு, தென்கிழக்கு நோக்கி இறங்கும் வழி. டிசம்பரில் சூரியன் நாள் முழுவதும் தெற்குப் பக்கமாகவே நகரும். கொடைக்கானல் இருப்பது சுமார் 10 டிகிரி வட அட்சரேகையில். டிசம்பர் கடைசி வாரத்தில் நண்பகலில்கூடச் சூரியன் உச்சிக்கு வராது. தென் திசையில் 56 டிகிரி உயரத்தில் நிற்கும். தெற்கே நடப்பவனின் முதுகு வடக்கைப் பார்க்கிறது. பேனலில் நேர் வெயில் ஒரு பொட்டுக்கூட விழாது.

மற்ற மாதங்களில் மட்டும் என்ன? மார்ச்சிலும் செப்டம்பரிலும் நண்பகல் சூரியன் 80 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேல். செங்குத்தாகத் தொங்கும் பேனல் சூரியன் இருக்கும் பக்கம் பார்த்தாலும் நேர் வெயிலில் 17 சதவீதம்தான் அதன்மேல் விழும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்குக் கொஞ்சம் வடக்கே கூட இருக்கும். பேனலை எப்போதும் தெற்கே சாய்த்து வைக்கச் சொல்லும் வெளிநாட்டு கையேடுகளை இங்கே அப்படியே பின்பற்ற வேண்டாம். பேனல் மேல் ஒரு பேனாவைச் செங்குத்தாக நிறுத்துங்கள். நிழல் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. நிழலே விழாவிட்டால் பேனல் சூரியனை நேராகப் பார்க்கிறது.

பெரியவர் சொன்ன பிறகு நடக்கும்போது மாட்டுவதையே விட்டுவிட்டேன். சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் நிற்கும் இடங்களில், திறந்த பாறையில் விரித்து வைத்தேன். மீட்டர் 1.2 ஆம்பியர் காட்டியது. 5 வோல்ட்டோடு பெருக்கினால் 6 வாட். 10 வாட் என்று போட்ட பேனலில் இதுவே நல்ல விளைச்சல். நான்கு மணி நேரம் இப்படி வைக்க முடிந்தால் 24 வாட்-அவர். வழியில் வீணாவதைக் கழித்தால் ஒரு போன் நிரம்பும்.

சீரியல் செட் தத்துவம்

திருவிழா சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் வரிசையே அணையும் அல்லவா? சோலார் பேனலும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு சிலிக்கான் செல் அரை வோல்ட் அளவில்தான் தரும். யு.எஸ்.பி.க்கு வேண்டிய 5 வோல்ட் வர, பத்துப் பன்னிரண்டு செல்களை வரிசையாக இணைத்திருப்பார்கள். அதில் ஒரு செல் மேல் இலை நிழலோ பையின் வார் நிழலோ விழுந்தால், அந்த வரிசை முழுவதின் ஓட்டமும் குறைந்துவிடும். பத்தில் ஒரு பங்கு நிழல், பாதிக்கு மேல் நஷ்டம். சோலைக் காட்டுக்குள் புள்ளி புள்ளியாக விழும் வெயில் கண்ணுக்குத்தான் அழகு.

இன்னொரு தொல்லை மேகம். போனை நேரடியாகப் பேனலில் மாட்டினால், மேகம் மறைக்கும்போது வோல்டேஜ் சரிந்து சார்ஜிங் அறுந்துவிடும். வெயில் வந்ததும் போன் மறுபடி விழித்து, திரையை எரியவிட்டு, 'சார்ஜிங்' என்று காட்டும். கொடைக்கானல் மலையில் மஞ்சு நிமிடத்துக்கு ஒரு முறை வந்து போகும். அரை மணி கழித்துப் பார்த்தால் சார்ஜ் ஒரு சதவீதம் குறைந்திருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். எனவே பகலில் பேனலிலிருந்து பவர் பேங்குக்கு, இரவில் பவர் பேங்கிலிருந்து போனுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையில் காலை வெயிலை நம்புங்கள். மதியத்துக்கு மேல் மூட்டம் போட்டுவிடும்.

மலைக்கு ஒரு சாதகமும் உண்டு. சோலார் செல்லுக்குப் பிடித்தது வெளிச்சம், வெப்பம் அல்ல. 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் பேனலின் சக்தி 0.4 சதவீதம் அளவுக்குக் குறையும். சித்திரை வெயிலில் பெரியகுளத்து மொட்டை மாடியில் பேனல் 60 டிகிரிக்குச் சூடானால் 14 சதவீதம் போச்சு. குளிர்ந்த காற்றும் தூசி குறைந்த வானமும் உள்ள மலையில் அதே பேனல் கூடுதலாகத் தரும். தெளிந்த வானத்தைத் தேடித்தான் 1899-ல் சூரிய ஆய்வுக்கூடத்தையே கொடைக்கானலில் அமைத்தார்கள்.

பேட்டரிக்கு வெயில் ஆகாது

இது பணத்தை விட முக்கியமானது. லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது சார்ஜ் செய்யக் கூடாது. ஆயுள் குறையும், வீங்கும், மோசமான செல்லாக இருந்தால் தீப்பிடிக்கவும் கூடும். பேனலும் பேட்டரியும் ஒன்றாக ஒட்டிய பவர் பேங்கின் அடிப்படைக் கோளாறே இதுதான். சார்ஜ் ஏற வேண்டுமானால் வெயிலில் வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் பேட்டரி வேகும். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் இதை வைத்துவிட்டுப் போகவே போகாதீர்கள். மடிப்புப் பேனலில் வயர் இருப்பதால் பேனல் வெயிலிலும் பவர் பேங்க், போன் இரண்டும் பைக்குள் நிழலிலும் இருக்கலாம். பவர் பேங்கில் பி.ஐ.எஸ். பதிவு எண் அச்சிட்டிருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள்.

புயலுக்கு உதவுமா?

இதை நிறையப் பேர் கேட்கிறார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்த பிறகு டெல்டா மாவட்டங்களின் பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. கொடைக்கானலிலும் மரங்கள் சாய்ந்தன. அந்த மாதிரி நேரத்தில் ஒரு போன் உயிரோடு இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் கனத்த மேகம் மூடிய நாளில் பேனல் தருவது வழக்கத்தில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான். 6 வாட் வந்த என் பேனலில் 1 வாட் வந்தாலே அதிகம். புயல் எச்சரிக்கை வந்தவுடன் வீட்டுப் பிளக்கில் முழுதாக ஏற்றிய பவர் பேங்க்தான் முதல் மூன்று நாளைத் தாங்கும். வானம் தெளிந்த பின்னும் கரண்ட் வராவிட்டால் அப்போது பேனல் கைகொடுக்கும்.

செலவைக் குறைப்பதும் சார்ஜ் செய்வதற்குச் சமம். டவர் சரியாகக் கிடைக்காத இடத்தில் போன் ஓயாமல் டவரைத் தேடிக்கொண்டே இருக்கும். பேட்டரி மளமளவென்று இறங்கும். மலைப் பாதையில் ஏரோப்ளேன் மோடில் போட்டு, டவர் உள்ள இடத்தில் மட்டும் திறந்து பாருங்கள். அந்த இரண்டாவது பயணத்தில் இதை மட்டும் செய்ததிலேயே ஒரு நாளுக்கு 30 சதவீதம் மிச்சமானது. அந்தக் குதிரைக்கார அண்ணனின் பட்டன் போனைப் போல ஒன்றை இப்போது நானும் பையின் அடியில் அணைத்தே வைத்திருக்கிறேன். முக்கிய நம்பர்கள் காகிதத்திலும் இருக்கின்றன.

நீங்கள் ஏற்கனவே சோலார் சார்ஜர் வாங்கியிருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை செய்து பாருங்கள். மீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. காலை பத்து மணிக்கு, சார்ஜ் காலியான பவர் பேங்கைப் பேனலோடு இணைத்து மொட்டை மாடியில் வையுங்கள். பேனல் வெயிலில், பவர் பேங்க் தண்ணீர்த் தொட்டியின் நிழலில். மணிக்கு ஒரு முறை போய், பேனா நிழலைப் பார்த்துப் பேனலைத் திருப்பி வையுங்கள். இரண்டு மணிக்கு எடுத்து, 20 சதவீதத்தில் இருக்கும் போனில் மாட்டி, எத்தனை சதவீதம் வரை ஏறுகிறது என்று ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பேனலின் பின்புறம் ஒட்டிவிடுங்கள். பெட்டியின் மேல் அச்சடித்த எண்ணுக்குப் பதிலாக இனி அந்த எண்ணை வைத்துப் பயணத்தைத் திட்டமிடலாம்.